மூடியில் ஒட்டிய புரதம்

ஆய்வகத்தில் எல்லோரும் அவரை முதுகுக்குப் பின்னால் கறார் சார் என்பார்கள். அவருக்கும் அது தெரியும். உள்ளூர ஒரு பெருமையும் உண்டு. மச்சினி அங்கேயே வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தக் கறார் இன்னும் முற்றிப்போயிற்று. மனைவியின் தங்கைக்குச் சலுகை காட்டுகிறார் என்று யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாதாம்! மற்றவர்களை ஒரு வார்த்தை சொல்கிற இடத்தில் அவளை நாலு வார்த்தை சொன்னார். நல்ல நியாயம் போங்கள்.

எலியின் உயிரணு மேல் உட்கார்ந்துகொண்டு, வெளியிலிருந்து வரும் சேதியை உள்ளே கடத்துகிற புரதம் ஒன்று உண்டு. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் மருந்து ஒன்றை அவள் வருஷக்கணக்கில் பாடுபட்டு உருவாக்கியிருந்தாள். நிர்வாகக் கூட்டத்துக்கு முன்னால் புதிதாக வந்த அதே புரதத்தில் ஒரு தடவை சரிபார்க்க வேண்டியிருந்தது.

அந்தப் புரதத்தை எலியிலிருந்து எடுப்பதில்லை. எலியின் மரபணுவை வேறு உயிரணுக்களில் ஏற்றித் தயாரித்து, உலர்த்தி, சின்னக் குப்பியில் அனுப்புவார்கள். இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குத் துளியூண்டு தூள். வழியில் குலுங்கி மூடிக்குள் ஒட்டிக்கொள்ளும். திறப்பதற்கு முன் குப்பியை இயந்திரத்தில் வைத்துச் சுழற்றி, தூளை அடியில் இறக்க வேண்டும்.

கறார் சார் தானே செய்வதாகச் சொல்லிக் குப்பியை வாங்கிக்கொண்டார்.

"சுத்திட்டீங்களா சார்?" என்றாள் மச்சினி.

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

திறந்தார். சுழற்றாத குப்பியின் மூடி குப்பைத்தொட்டிக்குப் போயிற்று. பிடிக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த பழைய மருந்தையாவது ஒப்பிட்டுப் பார்க்கக் கூடவே வைத்திருக்கலாம். அதையும் செய்யவில்லை, அவசரக்குடுக்கை!

மருந்து புரதத்தைப் பிடித்தால் சோதனைத் தட்டின் குழிகள் மஞ்சளாக வேண்டும். ஒரு குழியிலும் நிறம் ஏறவில்லை.

"இல்லாத ரிசல்ட்டை எங்கேருந்து கொண்டுவந்தே? உக்காந்து நீயே எழுதிக்கிட்டியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"கண்ணால பாத்தேன் சார்," என்றாள். அந்த வாரமே வேலையை விட்டுப் போய்விட்டாள். வீட்டில் மனைவி அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினாள்.

சில மாதங்கள் கழித்து அடுத்த குப்பி வந்தது. உதவியாளர் அதை முறைப்படி சுழற்றித் திறந்தார். கறார் சாருக்கு என்னவோ உறுத்த, மச்சினியின் மருந்தையும் ஒரு வரிசையில் வைக்கச் சொன்னார். அந்த வரிசை முழுக்கப் பளிச்சென்று மஞ்சளாயிற்று. தூக்கிப் போட்ட மூடி அப்போதுதான் அவர் ஞாபகத்துக்கு வந்தது.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனார். எதையும் மறைக்காமல் சொன்னார்.

"தப்பு என்னோடதும்மா. அங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் வரேன். நீ திரும்பி வரணும்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பாள் என்று நினைத்தார். கேட்டிருந்தால் தேவலை.

"அப்ப நான் நிஜமாவே பாத்தேனா அத்தான்?" என்றாள். "நீங்களே சொன்னதால, நானா கற்பனை பண்ணிக்கிட்டேன்னுல்ல நெனச்சேன்? இப்பல்லாம் எதையும் நம்ப முடியல. கதவைப் பூட்டிட்டு நாலு தடவை இழுத்துப் பாக்குறேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பாவி, என்ன காரியம் செய்துவிட்டோம் என்று தன்னையே நொந்துகொண்டார்.

"இருங்க, அடுப்பை அணைச்சேனா..." என்று அவள் எழுந்தாள்.

அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே அடுப்பு தெரிந்தது.

"அணைஞ்சுதாம்மா இருக்கு," என்றார்.

அவள் உள்ளே போய், அடுப்புக் குமிழைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.