இஸ்திரி போட்ட பத்தாயிரம்

பழைய நோட்டுகளுக்கு மதிப்பு போடும் அம்மாள் மேசை விளக்கைக் கிட்டே இழுத்ததுமே தையல் மாஸ்டர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் அக்கா நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கென்ன, அவளுக்கு விஷயம் தெரியாது.

விளக்கின் கீழே கிடந்தது ஒரு பத்தாயிரம் ரூபாய் நோட்டு. எப்போதோ அச்சடித்து, கொஞ்ச காலத்திலேயே செல்லாது என்று அரசாங்கம் திரும்ப வாங்கிக்கொண்ட ரகம். அதனாலேயே சேகரிப்பவர்கள் அதற்கு ஆலாய்ப் பறந்தார்கள். அக்காவின் கணவர் அவளுடைய கல்யாண வளையல்களை விற்று அதை வாங்கினார். "கைபடாம வெச்சிருந்தா, பின்னாடி உனக்கு ஒரு வீடே வாங்கித் தரும்" என்றார். அக்கா நம்பவில்லை. அவர் இருந்தவரை வீட்டில் எல்லாச் சண்டையும் அந்த நோட்டில்தான் போய் முடியும். சக்களத்தி என்றுதான் அதற்குப் பெயர். டப்பாவைத் திறந்து அவள் அதை ஒழுங்காகப் பார்த்ததுகூட இல்லை.

அவர் போய்விட்டார். சக்களத்தி மட்டும் அலமாரியின் மேல்தட்டில் சுகமாக இருந்தாள். இப்போது அக்காவும் தம்பியுமாக நடத்துகிற தையல்கடையைக் கட்டடக்காரர் விற்கப்போகிறார். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கொடுத்தால் இடம் இவர்களுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் தயார். நோட்டைப் பார்க்க வந்த தரகர், "அசல் சரக்கு. நடுவுல இந்த ஒரு மடிப்புதான் குறை. இது மட்டும் இல்லேன்னா மூணு மடங்கு போகும்" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போனார். இருக்கிறபடியே விற்றால் முன்பணத்துக்குச் சரியாக இருக்கும். மூன்று மடங்கென்றால் கடையே கைக்கு வந்துவிடும். அக்கா அந்த நேரம் பட்டன் வாங்கப் போயிருந்தாள்.

மடிப்பா? அதுவும் மாஸ்டரிடமா? நோட்டுத் தாள் பருத்தியில் செய்தது என்று அத்தான் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. பருத்தி அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஈரத்துணியை விரித்து, இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் குறைத்து, நிதானமாக ஒரு அழுத்து. மடிப்பு போன இடம் தெரியவில்லை. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறைதான். இங்கே வர பஸ் ஏறிய பிறகுதான் உறுத்தியது. இவ்வளவு சுலபமான வேலை என்றால் அத்தான் ஏன் செய்யவில்லை? பெண்டாட்டியே தையல்காரியாக இருந்த மனுஷன்!

அம்மாள் நோட்டைச் சாய்த்துப் பிடித்தாள். விரல் நுனியால் எழுத்துகளை மெல்லத் தடவினாள். திருப்பினாள், விளக்குக்கு எதிரே தூக்கினாள், மறுபடி தடவினாள். மாஸ்டரின் சட்டைக்காலர் நனைந்துவிட்டது.

"இதுக்கு இஸ்திரி போட்டிருக்காங்க" என்றாள்.

அக்கா சிரித்தாள். "நோட்டுக்கா?"

"ஆமாம்மா. அச்செழுத்து மேடா இருக்கணும், இதுல தரையோட தரையாப் போயிருக்கு. தாள்ல ஒரு மினுமினுப்பு. மடிப்பை மறைச்சிருக்காங்க, ஆனா உள்ள நார் உடைஞ்சது வெளிச்சத்துல கோடாத் தெரியுது. மடிப்போட கொண்டுவந்திருந்தா நல்ல விலை சொல்லியிருப்பேன். இஸ்திரி போட்டதை எந்தச் சேகரிப்பாளரும் தொட மாட்டாங்க."

ஒரு சீட்டில் தொகையை எழுதி நகர்த்தினாள். முன்பணத்தில் கால்வாசிகூட இல்லை.

மாஸ்டர் வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர்தான். வேற யாரு? தொடாதே தொடாதேன்னு என்னைப் பாடாப் படுத்திட்டு, அவரே என் பெட்டியை எடுத்துத் தேய்ச்சு வெச்சிருக்கார். விஷயம் தெரிஞ்ச மனுஷன்னு ஊரெல்லாம் பேச்சு. கடைசி வரைக்கும் என்னை ஏமாத்தியிருக்கார்!"

மாஸ்டர் திறந்த வாயை மூடிக்கொண்டார். செத்தவர் வந்து மறுக்கப்போவதில்லை. கடை எப்படியும் போயிற்று. உண்மையைச் சொன்னால் மட்டும் திரும்பி வருமா? கோழைகளுக்குக் கணக்கு நன்றாக வரும்.

தெருவில் இறங்கியும் அக்கா ஓயவில்லை. நடக்க நடக்கத் திட்டினாள். பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றபோது குரல் தணிந்தது. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"அவர் போனப்புறம் எத்தனை நாள் அழுதேன் தெரியுமாடா, அநியாயமாச் சண்டை போட்டுட்டோமேன்னு. அந்த அழுகையெல்லாம் வீண்."

 கடையை இழந்தது போதாதென்று அவள் புருஷனையும் இழந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, அத்தான் இல்ல. நான்தான் தேய்ச்சேன். மடிப்பு போனா மூணு மடங்குன்னு தரகர் சொன்னார். உன்கிட்டக் கேட்கல."

அக்கா அவரைப் பார்த்தாள். அறை விழும் என்று மாஸ்டர் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தார். விழவில்லை. அவள் நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அப்போ அவர் தொடலையா?"

"தொடல."

"சொன்னபடியே வெச்சிருந்தாரா?"

"மடிப்பு அவர் வாங்கறப்பவே இருந்திருக்கும்க்கா. அத்தான் விரல்கூட வெச்சிருக்க மாட்டார்."

அக்கா குலுங்கிக் குலுங்கி அழுதாள். துக்கமா நிம்மதியா என்று மாஸ்டருக்குப் புரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

"மன்னிச்சிடுங்க" என்று அவள் முணுமுணுத்தது தம்பியிடம் அல்ல.

பஸ் வந்தது. எப்போதும் இருவருக்கும் அவள்தான் டிக்கெட் எடுப்பாள். அன்றைக்கு ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டு ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் பையை வைத்தாள். மாஸ்டர் கம்பியைப் பிடித்து நின்றபடியே சட்டைப்பையில் சில்லறை தேடினார்.