எமன் பேசி முடிக்கும்வரை

மெத்தைக் கடையின் கிடங்கில்தான் அந்த ஹெவி மெட்டல் இசைக்குழு பிறந்தது. சுற்றிலும் மெத்தை அடுக்கியிருந்ததால் உள்ளே இடியே விழுந்தாலும் வெளியே கேட்காது. அந்தக் கடையில் மெத்தை தைக்கிற டிரம்மருக்கு அதுவே வினையாகப் போனது. "பயிற்சின்னு சொல்லிட்டு மெத்தையில நல்லாத் தூங்கிட்டு வர்றீங்க," என்பாள் மனைவி. தான் வாசிப்பதை அவள் ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அவனுக்கு வேறு ஆசையே கிடையாது.

குழுவின் தலைவர் அவளுடைய அண்ணன். தனக்குத் தானே 'எமன்' என்று பட்டம் சூட்டிக்கொண்ட பாடகர். கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறி நிற்கும் எமன். ஒரு பாட்டுகூட உருப்படியாக அமையுமுன்பே சட்டை அச்சடித்தாகிவிட்டது. அதில் இருந்த குழுவின் பெயரை, வரைந்த அவராலேயே படிக்க முடியவில்லை. வந்த கிட்டார்காரர்களை எல்லாம் முடி போதாது, முறைப்பு போதாது என்று விரட்டினார். மிஞ்சியவருக்குக் காது சற்று மந்தம், அதனால் சண்டை வரவில்லை. வெளியிட்ட ஒரே இசைத்தட்டு சொந்தக்காரர்கள் வீட்டுப் பரணில் உறைகூடப் பிரிக்காமல் பத்திரமாக இருக்கிறது. இதற்குப் பெயர் இசைப் பயணமாம்!

கடைசியில் ஒரு வணிக வளாகத்தின் வாகன நிறுத்தத்தில், பட்டப்பகலில், அரை மணி நேரம் மேடை கிடைத்தது. மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். டிரம்மர் குச்சிகளோடு தயாராக உட்கார்ந்தான்.

எமன் மைக்கைப் பிடித்தார். விட்டால்தானே? குழு பட்ட பாடு, ஊரின் ரசனைக் கேடு, தன் தியாகம் என்று அளந்துகொண்டே போனார். நடுவில் புகை இயந்திரம் வேறு அவர் முகத்திலேயே ஊதிவிட, இருமித் தீர்க்கக் கொஞ்ச நேரம் போனது.

"மச்சான், நேரம் போகுது. ஆரம்பிக்கலாம்," என்று கெஞ்சினான் டிரம்மர்.

"கூட்டத்தைச் சூடேத்திட்டு இருக்கேன். சும்மா இரு மாப்ளே."

நேரம் முடிந்தது. நிகழ்ச்சி நடத்துபவர் ஈவு இரக்கமில்லாமல் மின்சாரத்தை நிறுத்தினார். மைக் செத்தது, கிட்டார் செத்தது. எமன் மட்டும் வாயசைத்துக்கொண்டிருந்தார்.

டிரம்முக்கு எதற்கு மின்சாரம்? அவன் குச்சியை ஓங்கினான். இத்தனை வருட ஆத்திரமும் கையில் இறங்கியது. எழுந்து போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பி நின்றார்கள்.

"நிறுத்து மாப்ளே! குழுவோட மானம் போகுது!" என்று எமன் அவன் முன்னால் வந்து நின்று கைகளை விரித்தார்.

முன்வரிசையில் அவள் எழுந்தாள்.

"அண்ணா, நீ மறைக்கிறே. கீழ இறங்கு."