மூணு மணிப் படம்

நேற்றைய தாளை யாரும் கிழித்திருக்கவில்லை. சித்தப்பா காளை, நாள்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பொடி எழுத்தைப் படித்தார்.

"திருவோணம் சாயந்தரம் அஞ்சு பன்னெண்டு வரைக்கும். அதுக்கு மேல அவிட்டம். மதினி, அண்ணனுக்கு உசுரு போனது எத்தனை மணிக்கு?"

கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் பேயாண்டி கிடந்தார். தலைமாட்டில் அவர் மனைவி சோணையம்மாள். மாலையைப் பெட்டிமேல் வைத்துக்கொண்டிருந்த மகன் அழகுபாண்டியின் கை அப்படியே நின்றது. அவிட்டத்தில் செத்தால் அடைப்பு. உயிர் போன அறையை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும். திறந்து வைத்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள்.

"மூணு மணிதான் தம்பி" என்றாள் அம்மா. "மூணு மணிப் படம் இருந்துச்சு."

ஆனையூர் வீட்டின் அந்த உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. பக்கவாதம் வந்து அப்பா அங்கே படுத்தபின் அவருக்குக் காலையும் மாலையும் ஒன்றுதான். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் இருபத்திரண்டு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். மந்திரியின் மச்சானே வந்து கெஞ்சினாலும் ஒரு பஸ்ஸை ஒரு நிமிஷம் நிறுத்திவைக்காத மனுஷன். அவருக்கு மணி தெரியாமல் போனதுதான் பெரிய நோய். பேச்சு போய்விட்டது. இடது கையால் எவர்சில்வர் டம்ளரைக் கட்டில் கம்பியில் தட்டுவார். மணி என்ன என்று அர்த்தம்.

அழகுபாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே பஸ் ஸ்டாண்டில் காலையிலிருந்து ராத்திரிவரை நின்று, மணிக்கு ஒரு படம் எடுத்துவந்தான். கட்டிலுக்கு எதிரே பழைய கம்ப்யூட்டரை வைத்தான். மாடியில் உட்கார்ந்தபடியே அவன் பார்ப்பது கம்பெனியின் சர்வர் கம்ப்யூட்டர்களை மேய்க்கும் வேலை. கறுப்புத் திரையில் நாலு வரி எழுதுவது அவனுக்குக் கைவந்த கலை. மணி அடித்ததும் அந்த மணிக்குரிய படம் தானாகத் திரை முழுக்க வந்து உட்காரும். மூன்று மணிக்கு மஞ்சள் வெயில், பஸ் நிழலில் தூங்கும் நாய். ஆறு மணிக்கு நீல வெளிச்சத்தில் ட்யூப் லைட்டுகள். ஆறு மணிப் படம் வந்தால் மகன் இறங்கி வந்து பக்கத்தில் உட்காருவான். அப்பா நாள் பூராவும் காத்திருப்பது அதற்குத்தான்.

ஒருநாள் அரைமணி நேரம் தாமதம். டம்ளர் கீழே விழும்வரை தட்டிவிட்டு அழுதிருந்தார். அதற்குப் பிறகுதான் அழகுபாண்டி அந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்தான். வேலை இழுக்கும் என்று தெரிந்தால் மாடியிலிருந்தே ஒரு வரி தட்டுவான். படம் மாறாது. கீழே சாயந்தரம் வராது. நேற்று நடந்தது மூன்றாவது தடவை. மூன்றரைக்கு எங்கோ சர்வர் படுத்துவிட்டது. ஏழு மணிக்குத்தான் அவன் இறங்கி வந்தான். அப்பாவுக்கு உயிர் இல்லை, பக்கத்தில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

அம்மா பெட்டியைப் பார்த்தே பேசினாள். "சோறு திண்டுட்டு கண்ணசந்துட்டேன். டம்ளரத் தட்டுனாரு. முழிச்சுப் படத்தப் பாத்தேன். 'இப்பத்தான் மூணு மணி, ஆறு மணிக்கு வந்துருவான், தூங்குங்க'ண்டேன். கண்ண மூடிக்கிட்டாரு, ஒரு பெரிய மூச்சு விட்டாரு. தூங்கிட்டாருண்டு நானும் சாஞ்சுட்டேன். நாலு மணி நேரம் தம்பி. நாலு மணி நேரம் பொணத்துக்குப் பக்கத்துல தூங்கிருக்கேன், பாவி."

"விடுங்க மதினி. மூணு மணிண்டா அடைப்பு இல்ல. அதுவரைக்கும் நல்லது" என்றார் சித்தப்பா.

அழகுபாண்டி மாலையை வைத்துவிட்டு நிமிர்ந்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அறைக்குப் பூட்டு இல்லை, யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் அம்மா சாகும்வரை அந்த நாலு மணி நேரத்தைச் சுமப்பாள்.

"மூணு மணி இல்ல சித்தப்பா. அஞ்சே முக்காலு."

"நீ மாடியிலல்ல இருந்தே?"

"டம்ளர் சத்தம் கேட்டுச்சு. மணியப் பாத்தேன்."

"கேட்டுட்டுமா எறங்கல?"

சத்தம் கேட்டதும் காதில் மாட்டியிருந்த ஹெட்போனின் ஒலியைக் கூட்டி வைத்ததை எப்படிச் சொல்வது?

"படத்த நாந்தான் மாறவிடாம நிப்பாட்டி வச்சேன். லேட்டாகும்ண்டு."

சித்தப்பா நாள்காட்டியை ஆணியில் மாட்டினார். அது கோணலாகத் தொங்கியது, சரிசெய்யவில்லை.

அம்மா பெட்டிக் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

"அப்ப ஆறு மணிக்குக் கால்மணி நேரந்தான் பாக்கி கெடந்துச்சா?" என்றாள் கடைசியில். "நான் இன்னும் மூணு மணி நேரம் கெடக்குண்டுல்ல அவருகிட்ட சொல்லிட்டேன்."

மதியம் தத்தனேரி சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்து குளித்ததும் சித்தப்பா உள்ளறையைக் கழுவிவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் வைத்தார். திரையில் நாய் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனார்.

"அத அமத்தாதீங்க தம்பி" என்றாள் அம்மா.

அவர் கையை எடுத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினார்.

வந்தவர்கள் போனபின் அழகுபாண்டி மாடியில் உட்கார்ந்திருந்தான். கறுப்புத் திரையில் நேற்று அவன் தட்டிய வரி அப்படியே இருந்தது. ஆறு மணி ஆனதும் அதற்குக் கீழே இன்னொரு வரி தட்டினான். இரண்டு தடவை தப்பானது, மூன்றாவதில்தான் சரியாக வந்தது. இறங்கினான்.

அம்மா பூட்டிய கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். கதவுக்கு அடியில் பூட்டியதிலிருந்து மஞ்சளாகக் கசிந்த வெளிச்சம் நீலமாகியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், படிக்கட்டில் நின்றவனைப் பார்த்தாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பினாள்.

"இந்தாங்க, மணி ஆறாயிருச்சு. வந்துட்டான்."

நகர்ந்து இடம் விட்டாள். அவன் போய் உட்கார்ந்தான்.