பதினைந்து முப்பதானபோது

போன வருடம், கல்லூரியில் இணையவழித் தேர்வு எழுதும் கூடத்தின் கூரையில் இருந்த வைஃபை பெட்டிகளில் ஒன்று பாதித் தேர்வில் செத்தது. அதில் இணைந்திருந்தவர்கள் எல்லோரும் வாசல் பக்கத்துப் பெட்டியின்மேல் போய் விழ, அதுவும் திணறிப் படுத்துவிட்டது. அறுபது பேருக்கு ஒரு வருடம் போச்சு. அதில் ஒருத்தி என் தங்கை. இன்னொரு தடவை இப்படி ஆனால் படிப்புக்கே முழுக்கு என்று சொல்லிவிட்டாள்.

அதனால் இந்த வருடம் கூடத்தின் வைஃபை வேலையை நானே கேட்டு வாங்கினேன். நாலு பெட்டி, அறுபது பேர். பெட்டிக்குப் பதினைந்து பேர் என்று பிரித்தேன். ஒன்று போனால் அதன் ஆட்களை மற்றவை பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். எதுவும் முப்பதுக்கு மேல் ஏற்கக் கூடாது. காகிதத்தில் எல்லாம் சுத்தம். காகிதத்தை நான் நம்புவதில்லை.

முந்தின நாள் மாதிரித் தேர்வு. பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்கப்போகிறேன் என்றதும் கல்லூரி முதல்வருக்கு வேர்த்துவிட்டது.

"நல்லா ஓடிட்டிருக்கறத எதுக்கும்மா நோண்டற? சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறதுன்னா இதுதான்."

"இன்னிக்கு நான் பிடுங்கலேன்னா நாளைக்கு அதுவா பிடுங்கிக்கும் சார்," என்றேன்.

ஏணியில் ஏறி ஒரு பெட்டியைப் பிடுங்கினேன். அதன் பதினைந்து பேரும் மற்ற மூன்றுக்கும் ஒழுங்காகப் பிரிந்து போனார்கள். முதல்வர் கைதட்டினார். அத்தோடு விட்டிருக்கலாம். என் புத்தி விடுமா? பிடுங்கியதைத் திரும்ப மாட்டிவிட்டு, பெட்டிகளுக்கு இணைப்பும் மின்சாரமும் தருகிற ஸ்விட்ச்சை அணைத்தேன். நாலும் ஒன்றாகப் படுத்தன. எல்லாவற்றையும் அந்த ஒரே ஸ்விட்ச்சில் மாட்டிய புத்திசாலி நான்தான். அறுபது பேர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள், மூன்றாவது வரிசையில் என் தங்கையும். மானம் கப்பலேறியது.

என்னை நானே திட்டிக்கொண்டு, அலுவலக அறையில் இருந்த வேறு ஸ்விட்ச்சிலிருந்து கேபிள் இழுத்து, ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு பெட்டிகளை அதில் மாட்டினேன். பிள்ளைகளைப் போகவிடாமல் உட்காரவைத்துப் பழைய ஸ்விட்ச்சை மறுபடி அணைத்தேன். மிச்ச இரண்டு பெட்டிகளும் ஆளுக்கு முப்பது பேரை ஏற்றுக்கொண்டன. அப்போதும் நம்பாமல் ஏழு தடவை அணைத்துப் பார்த்தேன்.

மறுநாள், தேர்வின் நாற்பதாவது நிமிடத்தில், அந்தப் பழைய ஸ்விட்ச் தானாகவே செத்தது. கூரையில் இரண்டு பச்சை விளக்குகள் அணைந்தன. என் மடிக்கணினியைப் பார்த்தேன். திரையில் மற்ற இரண்டு பெட்டிகளின் எண்ணிக்கை ஏறியது: இருபது, இருபத்தாறு, முப்பது. கூடத்தில் ஒரு தலையும் நிமிரவில்லை.

வெளியே வந்த தங்கை கடைசிக் கேள்வி உயிரை எடுத்துவிட்டது என்று புலம்பினாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நெட் போகவே இல்லக்கா. நேத்து அந்த ஆட்டம் ஆடின, இன்னிக்கு சும்மாதானே உக்காந்திருந்த?"

"ஆமாடி, சும்மாதான் உக்காந்திருந்தேன்."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன்.