இருபத்தாறாம் ஆண்டின் இரண்டு கோப்பைப் படங்கள்

லீக் அலுவலகத்தில் வேலை சுலபம் என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்தார்கள். ஐம்பது வருடக் கால்பந்து இறுதிப் போட்டிகள், வருடத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே நாலு வரி. பொன்விழாப் புத்தகம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். நாலு வரி எழுதத் தெரியாதா என்ன?

நேர்காணலில் செயலாளர் என் சான்றிதழ்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்பா யார் என்று கேட்டார். சொன்னதும், லீக்கோட இருபத்தாறாவது வருஷ சாம்பியன் பெண்ணுக்கு இல்லாத வேலையா என்று சிரித்தார். கண் எரியப் படித்ததெல்லாம் எதற்கு என்று வயிறு எரிந்தது. ஆனாலும் மறுநாளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

சாம்பியன் பெண்தான். எங்கள் வீட்டில் தொலைக்காட்சிக்கு மேலே ஒரு செய்தித்தாள் படம் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. பேருந்துப் பணிமனை அணி, நடுவில் கோப்பை, கோப்பையின் ஒரு காதைப் பிடித்தபடி அப்பா. அந்தக் கதை எனக்குத் தலைகீழாகத் தெரியும். கொட்டும் மழை, முழங்கால் சேறு, இருபதாவது நிமிடத்தில் தலையால் முட்டி ஒரு கோல். மறுநாள் பணிமனை மேலாளர் பேப்பரைப் பார்த்துவிட்டு, தற்காலிக மெக்கானிக்காக இருந்த அப்பாவை நிரந்தரமாக்கினார். அந்தச் சம்பளத்தில்தான் நான் வளர்ந்தேன், படித்தேன்.

புத்தக வெளியீட்டில் ஒவ்வொரு வருட சாம்பியன்களையும் மேடையேற்றிப் பதக்கம் கொடுக்கப்போகிறார்கள். செய்தி கேட்ட அன்றே அப்பா புதுச் சட்டை எடுத்துவிட்டார்.

பழைய படங்கள் எல்லாம் லீக்கின் புகைப்படக்காரர் விட்டுப்போன பிஸ்கட் டப்பாக்களில் இருந்தன. அவர் இறந்து பல வருடமாகிறது. இருபத்தாறாம் வருட உறையைப் பிரித்தேன். இரண்டு நெகட்டிவ். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் அப்பா, கோப்பை. இன்னொன்றில் அதே மைதானம், அதே கோப்பை, ஆனால் துறைமுக அணி.

உறை மாறிவிட்டது என்று முதலில் நினைத்தேன். பிறகு, ஆட்டம் சமனாகி இரண்டு பேருக்கும் பொதுவாகக் கொடுத்திருப்பார்களோ என்று. இருபத்தைந்தைப் பிரித்தேன், அதிலும் இரண்டு. இருபத்தேழிலும் இரண்டு. ஒன்பது வருடத்துக்கு, ஒவ்வொரு வருடமும் இரண்டு சாம்பியன்கள். மண்டை காய்ந்துவிட்டது. எல்லாப் படத்தையும் பெரிதாக்கி மேசையில் பரப்பி, நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. ஒருவன் மேலும் சேறு இல்லை. தலை வாரியிருக்கிறது. அப்பாவின் சட்டைக் கையில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது. முழங்கால் சேற்றில் விளையாடி முடித்த ஆளாம். இருபத்திரண்டு வருடமாக அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், ஒருநாளும் கண்ணில் படவில்லை.

செயலாளரிடம் ஓடினேன். இது தெரியாதா என்பதுபோல் பார்த்தார். மாலைப் பத்திரிகை ஐந்து மணிக்கு அச்சுக்குப் போய்விடும், ஆட்டம் முடியவே ஐந்தரை ஆகும். அதனால் ஆட்டத்துக்கு முன்பே இரண்டு அணி கையிலும் கோப்பையைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்களாம். எந்த அணி கை ஓங்குகிறதோ அந்தப் படம் பத்திரிகைக்குப் போகும்.

"அப்போ யார்தான் சார் ஜெயிச்சது?"

"பேப்பர்ல வந்தவங்கதான். நம்ம பட்டியலே பேப்பரைப் பாத்து எழுதினதுதானே. ரெண்டு படம் இருந்தா நல்லதா ஒண்ணைப் போடும்மா. வெள்ளிக்கிழமை மத்தியானம் அச்சகத்துக்குப் போகணும்."

நல்லதா ஒன்றாம். கத்தரிக்காயா பொறுக்குகிறேன்?

பழைய கோப்புகளை இரண்டு நாள் புரட்டினேன். இரட்டைப் படம் இருந்த மற்ற எட்டு வருடத்துக்கும் நடுவர் அறிக்கையும் பட்டியலும் ஒத்துப்போயின. நீர் பட்டு ஒட்டிக்கிடந்த தாள்களுக்கு நடுவில் இருபத்தாறாம் வருட அறிக்கை கிடைத்தது. இடைவேளையில் பணிமனை ஒன்று, துறைமுகம் பூஜ்யம். முடிவில் துறைமுகம் இரண்டு, பணிமனை ஒன்று. பத்திரிகைக்காரர்கள் இடைவேளை நிலவரத்தோடு பக்கத்தை மூடிவிட்டார்கள்.

அதற்கு அடியில் துறைமுக அணியின் புகார்க் கடிதம். கோப்பை எங்களிடம் இருக்கிறது, பட்டியலைத் திருத்துங்கள் என்று. பதினொரு பேரின் பெயர்கள், எதிரே கையெழுத்துகள். பத்துக் கையெழுத்து. கோல்கீப்பர் பெயருக்கு எதிரே வெற்றிடம்.

அந்தக் கோல்கீப்பர் என் மாமா. அம்மாவின் அண்ணன். படத்தில் மறுபடி பார்த்தேன், பின்வரிசை ஓரத்தில் நிற்பது அவரேதான். மாமா பந்து பிடிப்பார் என்று தெரியும். எந்த ஆட்டத்தில், யாருக்கு எதிராக என்று ஒருவரும் மூச்சு விட்டதில்லை.

மாமா இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கடிதத்தை நீட்டினேன்.

"அன்னைக்குப் பேனா எழுதல மருமகளே" என்றார்.

நான் சிரிக்கவில்லை. அவர் தாளை மடித்து என்னிடமே நீட்டினார்.

"உங்கப்பாவுக்கு வேலை ஆர்டர் வந்த வாரம். உங்கம்மாவைப் பொண்ணு கேட்டதும் அதே வாரம். நான் கையெழுத்துப் போட்டு, மேனேஜர் ஆர்டரைக் கிழிச்சிருந்தா? என் தங்கச்சிய யாருக்குக் குடுக்கறது?"

இப்போது எதைப் போடட்டும் என்று கேட்டேன். துறைமுக அணிப் படம் கையில் இருக்கிறதா என்றார். அவர்கள் படம் எங்கேயும் அச்சாகவில்லை. அவர் பார்த்ததே இல்லை. கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். தலையில் எவ்வளவு முடி இருந்தது பார் என்றார். தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்றார். போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை.

வீட்டில் அப்பா ஏதோ பழைய ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவரின் அறிக்கையை மடியில் வைத்தேன். இரண்டு முறை படித்தார்.

"நாங்கதாம்மா ஜெயிச்சோம்."

"கீழ படிங்கப்பா. ரெண்டுக்கு ஒண்ணு."

"அந்த ஒண்ணு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ரெண்டு..." சுவரில் இருந்த படத்தை அண்ணாந்து பார்த்தார். "கோப்பையோட கனம்கூடக் கையில இருக்கேம்மா."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "கனம் இருக்கும். படம் எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்தீங்க."

அம்மாவுக்கும் தெரியும். மாமாவுக்குத் தெரியும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அம்மாவுக்குத் தெரிந்தது, பட்டம் வாங்கிய எனக்கு மட்டும் தெரியவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். நீ கேட்கவே இல்லையே என்றாள் அம்மா. அப்பா முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகமாகவும் இல்லை, மறந்துபோன முகமாகவும் இல்லை. மேசையில் இரண்டு சாம்பியன்களைப் பரப்பி வைத்துக்கொண்டு நான் முழித்தேனே, அந்த முகம். கோபத்தை யார் மேல் இறக்குவதென்றே தெரியவில்லை. பத்திரிகைக்காரன் மேலா, செத்துப்போன படக்காரர் மேலா, அந்த ஆர்டரில் வளர்ந்த என் மேலேயேவா?

வெள்ளிக்கிழமை காலை முழுக்க எழுதினேன், அழித்தேன். அப்பா படத்தை வைத்தேன், எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மறுபடி இரண்டு சாம்பியன்கள் முளைத்தார்கள். அச்சகத்திலிருந்து மூன்று தடவை போன். கடைசியில் மாமா படத்தை வைத்து நாலு வரி அடித்தேன்:

"கடும் மழையில் நடந்த ஆட்டம். துறைமுகம் 2, பணிமனை 1.
பணிமனையின் கோல் இருபதாவது நிமிடத்தில், தலையால் முட்டியது.
பத்திரிகையில் அன்று வந்த முடிவு தவறு.
படம் ஆட்டத்துக்கு முன் எடுக்கப்பட்டது."

செய்தது சரியா என்று தெரியவில்லை. அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் சொன்னபோது அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. ஒரு ஷூ முடிந்து அடுத்ததை எடுத்தார்.

"இருபதாவது நிமிஷம்னு போட்டியா?"

"போட்டிருக்கேன்."

"தலையாலன்னு?"

"அதுவும்தான்."

ஷூவின் முனையைத் தேய்த்தார். "அப்போ விழாவுல நான் எங்க உக்காரணும்?"

எனக்குப் புரியவில்லை.

"மாமா மேடைக்குப் போயிடுவாரு. நான் அவர்கூட வந்த ஆளா, ஆடின ஆளா? முன்னால உக்காரணுமா, ஜனங்களோட பின்னாலயா? இல்ல, வரவே வேணாமா?"

அவர் முன்னாலேயே செயலாளருக்குப் போன் போட்டேன். இறுதிப் போட்டியில் ஆடித் தோற்றவர்களுக்கு எந்த வரிசை என்று கேட்டேன். அப்படி ஒரு வரிசையே போடவில்லையே என்றார். போடுங்கள் என்றேன். அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம். பிறகு, எத்தனை நாற்காலி வேண்டும் என்று கேட்டார்.

ஐம்பது வருடம். வருடத்துக்குப் பதினொரு பேர். எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் தோற்றதாக ஒப்புக்கொள்வார்கள், எனக்கு எப்படித் தெரியும்? அப்பா பிரஷைக் கையில் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணிட்டுச் சொல்றேன் சார்" என்றேன். "ஒண்ணு இப்பவே எழுதிக்குங்க."