டூகலுக்கு ஒரு ஸ்போரன்

டூகல் இடுப்பில் கட்டியிருந்த ரொட்டிப் பையின் முடிச்சைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தார். கடைக்காரி ஊனா அதைப் பார்த்துக்கொண்டே, "என்ன டூகல், ஸ்போரனுக்குப் பதிலா ரொட்டிக் கடையையே கட்டிக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். டூகலும் சிரித்துவிட்டு, பையிலிருந்து நனைந்த சீட்டை எடுத்து நீட்டினார். சாமான்களின் பெயர்கள் மையோடு கரைந்து ஒரே நீலமாகியிருந்தன. சிரிக்காமல் நின்றவள் மார்சலி மட்டும்தான்.

மலைச்சரிவில் மான்களை எண்ணிக் கணக்கெடுப்பது டூகலின் வேலை. கோடையானாலும் பனியானாலும் இடுப்பைச் சுற்றி முழங்கால்வரை கட்டும் கில்ட்தான். நனைந்த கால்சட்டை சாயங்காலம் வரை காலோடு ஒட்டிக்கொண்டு உயிரை எடுக்கும், கம்பளிக் கில்ட் நடக்க நடக்கக் காய்ந்துவிடும் என்பார். கில்ட்டில் குறை ஒன்றுதான், அதற்குப் பை கிடையாது. இடுப்பின் முன்புறம் தொங்கும் ஸ்போரன் என்ற தனிப்பைதான் எல்லாவற்றுக்கும். டூகலின் ஸ்போரன் அவருடைய அப்பா கட்டியிருந்த தோல் ஸ்போரன். அது மார்சலியால் போயிற்று.

மார்சலி படகுத்துறைக் கொட்டகையில் படகுகளுக்கு உறை தைக்கிறவள். ஏப்ரலில் ஒரு நாள், நங்கூரமிட்டிருந்த படகு ஒன்றை அளவெடுக்கச் சின்னத் தோணியில் தனியாகப் போனாள். மலையிலிருந்து இறங்கிய ஒரே காற்றில் தோணி கவிழ்ந்தது. அந்த மாதத்துத் தண்ணீர் கத்தி. கவிழ்ந்த தோணியைப் பிடித்துக்கொண்டு கிடந்தவளுக்கு முதலில் விரல்கள் இல்லாமல் போயின, பிறகு கைகள். கரை கண்ணுக்கெதிரே இருந்தது, ஆள்தான் இல்லை. விட்டுவிடலாம் என்று அவள் நினைத்த நேரத்தில், கில்ட் தண்ணீரின் மேல் குடைபோல் விரிந்து மிதக்க, ஒரு மனிதர் கரையிலிருந்து மெதுவாக, மிக மெதுவாக நடந்து வந்தார். மார்பு, கழுத்து, மோவாய் வரை தண்ணீர். அங்கே நின்று கையை நீட்டி அவள் சட்டைக் காலரைப் பிடித்தார்.

அதற்கு அவளால் நன்றி சொல்ல முடியவே இல்லை. சொல்ல வாயெடுத்தால் டூகல் பேச்சை மழைக்கோ ஆட்டுக்கோ திருப்பிவிடுவார். விஸ்கி கொண்டுபோனாள், குடியை விட்டு வருஷமாகிறது என்றார். கேக் செய்து கொண்டுபோனாள். மறுநாள் வழியில் பார்த்து, "நாய்க்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு" என்றார். உப்புத் தண்ணீர் குடித்த ஸ்போரன் அடுப்போரம் காய்ந்து, கருவாடுபோல் விறைத்து, மடிப்பில் பிளந்ததை ஊனா சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

அந்த ரொட்டிப் பையைப் பார்த்த அன்று, கடையிலிருந்து திரும்பியதும் துணியை வெட்ட ஆரம்பித்தாள். படகு உறைக்கான தடித்த நீலத் தார்ப்பாய். இரண்டே நாளில் ஒரு ஸ்போரனைத் தைத்து முடித்துக் கொடுத்தாள். டூகல் கட்டிக்கொண்டு முற்றத்தில் பத்தடி நடந்தார். சரக், சரக் என்றது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதைக் கட்டிக்கிட்டுப் போனா மானை எண்ண வேண்டிய வேலை இருக்காது."

"ஏன்?"

"ஒண்ணும் நிக்காதே."

அடுத்த வாரம் மழையில் ஊசித் துளைகள் வழியாகவும் தண்ணீர் இறங்கியது. குறிப்பேட்டை விரித்து ஒவ்வொரு பக்கமாகக் காட்டினார். மார்சலிக்குக் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது. அவள் கொடுத்த ஒன்றை அவர் குறை சொல்லும் அளவுக்காவது ஏற்றுக்கொண்டுவிட்டார்.

இரண்டாவது பைக்குத் தன் பழைய மெழுகுத்துணிக் கோட்டின் முதுகை அறுத்தாள். மெத்தென்ற துணி, சத்தம் போடாது. உள்ளே நீர் புகாத துணியில் தனியாக ஒரு பை. அதில் தையலே போடாமல் சூடுகாட்டி ஒட்டினாள். மூடியை வாய்க்குக் கீழே நாலு விரல் இறங்கும்படி வெட்டினாள். வெளித்தையல்மேல் தேன்மெழுகைத் தேய்த்து, தலை உலர்த்தும் கருவியால் உருக்கி நூலுக்குள் இறக்கினாள். ஒட்டுப்பட்டை வைத்தால் பிரிக்கும்போது கிழிகிற சத்தம் கேட்கும், அதனால் கொம்புப் பொத்தான். சங்கிலி துருப்பிடித்துக் கம்பளியை அரிக்கும், அதனால் படகு வார். கடைசியில் மொறுமொறுப்பான ஓட்ஸ் ரொட்டி ஒன்றை உள்ளே வைத்துக் குழாயடியில் தொங்கவிட்டுவிட்டு இரண்டு கோப்பை தேநீர் குடித்தாள். திறந்து ரொட்டியை ஒடித்தபோது படக்கென்று ஒடிந்தது.

செப்டம்பர் மழையில் மலையேறிப் போய்க் கொடுத்தாள். டூகல் பாறை மறைவில் உட்கார்ந்திருந்தார். பையைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பொத்தானை நாலு தடவை திறந்து மூடினார். குறிப்பேடு, பென்சில், கண்ணாடி, ஒரு துண்டு பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கட்டிக்கொண்டு பாறையைச் சுற்றி வந்தார்.

"ம்," என்றார்.

மார்சலி ஈரப் புல்லில் உட்கார்ந்தாள். "உங்கப்பாவோடதைக் கழட்டி வச்சுட்டு இறங்கியிருக்கலாம்ல, டூகல்?"

"கொக்கி எப்பவும் மக்கர் பண்ணும். கழட்ட ரெண்டு நிமிஷமாவது ஆகும். நீ ரெண்டு நிமிஷம் தாங்குவேன்னு எனக்குத் தோணல." கொம்புப் பொத்தானை இன்னொரு தடவை திறந்து மூடினார். "அதுவுமில்லாம, இடுப்புல கனம் இருந்தா கால் தரையில நிக்கும்னு நினைச்சேன். எனக்கு நீச்சல் தெரியாதும்மா."

 ஐந்து மாதமாக யாரிடமும் சொல்லாத குறை ஒன்று மார்சலியின் மனதில் கிடந்தது. இந்த மனிதர் ஏன் அவ்வளவு மெதுவாக வந்தார், ஒருவர் சாகும்போது இப்படியா நடப்பார்கள் என்று. இப்போதுதான் அந்த நடை புரிந்தது. ஒவ்வோர் அடியிலும் கால் தண்ணீருக்குள் தரையைத் தேடியிருக்கிறது. கிடைத்த பிறகுதான் அடுத்தது.

"இன்னும் ஒரு அடி ஆழமா இருந்திருந்தா?"

"இல்லையே."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மழையில் அதற்கு அர்த்தமில்லைதான். "நன்றி டூகல்," என்றாள். இந்தத் தடவை அவர் ஆட்டைப் பற்றியோ வானத்தைப் பற்றியோ பேசவில்லை.

"சரி, வாங்கிக்கிட்டேன்."

"ஸ்போரனையா?"

"ரெண்டையும்தான்."

பிறகு சட்டென்று கையை உயர்த்தி அவளைப் பேசாதிருக்கச் செய்தார். கீழே கடற்கழியின் ஓரத்தில் ஒரு பெண்மான் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் அதன் குட்டி தயங்கி, ஒரு காலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தது. தாய் திரும்பிப் பார்க்காமல் நீந்தத் தொடங்கியதும் அதுவும் இறங்கிவிட்டது. சாம்பல் நிறத் தண்ணீரில் இரண்டு தலைகள், பின்னால் விரிந்துகொண்டே போகும் இரண்டு கோடுகள். டூகல் பென்சிலை எடுக்கவில்லை. சின்னத் தலை நடுவழியில் ஒரு கணம் தாழ்ந்து மறுபடி மேலே வந்தபோது, இருவரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டார்கள். எதிர்க்கரை இன்னும் மழைக்குள்ளேயே இருந்தது.