சகாவா பாலம்

முனேஹிரோவின் வண்டியில் இரண்டே இருக்கைகள். ஒன்று அவருக்கு, மற்றது மனைவி சுமியேவுக்கு. மூன்றாவது ஆளுக்கு வண்டியில் இடமில்லை என்பதால்தான் இவர்கள் பிள்ளை பெற்றுக்கொள்ளவில்லை என்று ஒடவாராவில் இருக்கும் சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். கல்யாணமான புதிதில் வாங்கிய பழைய ஆரஞ்சு நிற ஃபேர்லேடி கார் அது. ஞாயிறு காலையில் இருவரும் அதில் ஹகோனே மலை ஏறி, மேலே சூடாக ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு இறங்குவார்கள்.

மலை மேல் இதே மாதிரி வண்டி வைத்திருக்கும் பைத்தியங்கள் கூடும். அவர்கள் வண்டியெல்லாம் தரையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். முனேஹிரோவின் வண்டி மட்டும் ஆற்றில் இறங்கத் துணியைத் தூக்கிப் பிடித்தவனைப் போல உயரமாக நிற்கும். அந்த அவமானத்தை மனிதர் பல வருஷம் நெஞ்சிலேயே வைத்திருந்தார். ஓய்வு பெற்றதும் செய்த முதல் காரியம், உயரத்தைத் திருகி ஏற்றி இறக்கும் புதுவகை ஸ்பிரிங்குகளுக்குச் சொல்லி வைத்ததுதான். அவை வந்து சேர இலையுதிர்காலம் ஆகிவிட்டது.

ஆனால் அவற்றை அப்படியே மாட்டிவிட முடியாது. அந்த வண்டியில் சக்கரத்தைத் தாங்கும் பாகத்தோடேயே, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் உட்காரும் ஸ்ட்ரட் குழாயும் சேர்ந்திருக்கும். பழைய ஸ்பிரிங் உட்காரும் தட்டை அறுத்தெடுத்து, குழாயையும் வெட்டிக் குட்டையாக்கி, மரை போட்ட புதுக் குழாயை வெல்டிங் வைக்க வேண்டும். வேறு குழாய் வாங்கி வெட்டலாம் என்றால் கம்பெனி அதைச் செய்வதை நிறுத்தி எத்தனையோ காலமாகிறது. இருப்பதைத்தான் வெட்ட வேண்டும்.

பட்டறைக்காரர் டொமியோகா அவருடைய பள்ளிக்கூடத் தோழர். நான்கு குழாய்களையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அறுக்கும் மெஷினைக் கையில் எடுத்தவர் நின்றார்.

"டேய் முனே, நல்லா யோசிச்சுக்கோ. வெட்டினா வெட்டினதுதான். அப்புறம் எங்கிட்ட வந்து மூக்கைச் சிந்தாதே."

முனேஹிரோ மனைவியைத் திரும்பிப் பார்த்தார். எதையும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வதுதான் அவர் வழக்கம். சுமியே ஸ்டூலின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது.

"வெட்டுங்கண்ணா," என்றாள் டொமியோகாவிடம். "தூக்கத்துல கூட இதைத்தான் உளர்றாரு. நானும் நிம்மதியாத் தூங்கணும்ல."

மூவரும் சிரித்தார்கள். தீப்பொறி பறந்தது.

வண்டி தரையோடு படிந்து நின்ற அழகைப் பார்த்து முனேஹிரோவுக்குக் கண் கலங்கியது, உண்மையாகவே. முதல் ஓட்டத்தில் சாலையில் கிடந்த கல்லெல்லாம் முதுகில் வந்து பேசியது. அந்த வண்டியில் உட்காருபவர்களுக்குப் பின்சக்கரம் இடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். எப்படி இருக்கிறது என்று கேட்டார். நல்லாத்தான் இருக்கு என்றாள் சுமியே. அவள் முகம் வெளுத்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. அவர் கவனமெல்லாம் வழியிலிருந்த கடைகளின் கண்ணாடியில் தெரிந்த வண்டியின் பிம்பத்தில் இருந்தது.

மார்கழிக் குளிரில் ஒரு நாள் குளியல் தொட்டியிலிருந்து அவளால் எழுந்திருக்க முடியவில்லை. புற்றுநோய் முதுகெலும்பில் பரவிவிட்டது என்றார்கள். எலும்பு நொறுங்கும் நிலையில் இருக்கிறது, அதிரக் கூடாது என்றார்கள். இனிமேல் வைத்தியம் வலியைக் குறைக்க மட்டும்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவள் கேட்டது ஒன்றே ஒன்று. ஸோகா தோட்டங்களில் பிளம் மரங்கள் பூக்கும்போது போய்ப் பார்க்க வேண்டும். வருஷா வருஷம் போன மாதிரி, அந்த வண்டியில், அந்த இருக்கையில்.

மெத்தென்ற டாக்ஸியில் போகலாமே என்று முனேஹிரோ கெஞ்சிப் பார்த்தார்.

"கடைசியா எப்படியும் இன்னொருத்தர் வண்டியிலதான் படுத்துக்கிட்டுப் போகப் போறேன். இப்ப நம்ம வண்டி போதும்."

அன்றிலிருந்து முனேஹிரோ டொமியோகாவின் பட்டறையே கதியென்று கிடந்தார். ஸ்பிரிங்கைத் திருகி ஏற்றினார்கள்; உயரம்தான் கூடியது, அதிர்வு குறையவில்லை. ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தை எவ்வளவு தளர்த்த முடியுமோ அவ்வளவும் தளர்த்தினார்கள். மெல்லிய ஸ்பிரிங் போட்டுப் பார்த்தார்கள். குட்டைக் குழாயில் அது முழுக்க அமுங்கி, அடியில் போய் இடித்தது. முன்னைவிட மோசம். வெட்டாத பழைய குழாய் ஒரு ஜோடியாவது கிடைக்குமா என்று மலைமேல் கூடும் அத்தனை பேரையும் கேட்டார். எல்லோரும் என்றைக்கோ வெட்டியிருந்தார்கள். வெட்டாதவர்கள் வெட்டாததையே பெருமையாக வைத்திருப்பவர்கள். அனுதாபப்பட்டார்கள், கழற்றித் தரவில்லை. டொமியோகா அன்று மூக்கைச் சிந்தாதே என்று சொன்னதை நினைத்தோ என்னவோ, முனேஹிரோ அழுதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்பேனர்களைத் துடைத்தார்.

பூத்துவிட்டது என்று செய்தி வந்த காலையில், மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும், தலையணைகளை அடுக்கி அவளை உட்கார வைத்தார். நகரத்துக்குள் நடக்கிற வேகத்தில் ஓட்டினார். ஒவ்வொரு பள்ளமும் எங்கே இருக்கிறதென்று முன்தினமே சைக்கிளில் போய்ப் பார்த்து வைத்திருந்தார். ஆனால் ஸோகா ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. எந்த வழியாகப் போனாலும் சகாவா ஆற்றைத் தாண்ட வேண்டும், எந்தப் பாலமானாலும் அது தொடங்கும் இடத்தில் சாலையையும் பாலத்தையும் இணைக்கும் ஓர் இரும்பு மூட்டு குறுக்கே இருக்கும், எந்த வண்டியையும் தூக்கிப் போடும்.

மூட்டுக்கு ஒரு கையளவு முன்னால் முனேஹிரோ வண்டியை நிறுத்திவிட்டார். கால் பிரேக்கை விட்டு வர மறுத்தது. பின்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒருவரும் ஹார்ன் அடிக்கவில்லை. அடித்திருந்தாலாவது தேவலை.

"என்னால முடியலை சுமியே. நான் உன்னைக் கேட்டேனே. வெட்டட்டுமான்னு கேட்டேனே."

சுமியே கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நேராகப் பார்த்திருந்தாள்.

"வெட்டின அன்னிக்கே எனக்கு நோயைப் பத்தித் தெரியும்க," என்றாள். "முந்தின நாள்தான் டாக்டர் சொன்னாரு."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா வெட்ட விட்டிருக்க மாட்டீங்க. எனக்கு அப்புறமும் வெட்ட மாட்டீங்க. உயரமா நிக்கிற வண்டியை வச்சுக்கிட்டு மலை மேல தனியா நிப்பீங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இவ்வளவு வலிக்கும்னு மட்டும் தெரியலை. போங்க, ஜனங்க காத்திருக்காங்க."

முனேஹிரோ கிளட்சை விட்டார். முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது. சுமியே சத்தம் போடவில்லை. அவள் கைவிரல்கள் மட்டும் வெளுத்துப்போயின. தூரத்தில், மலையடிவாரம் முழுக்க, வெள்ளையாகப் பூத்திருந்தது.

பாலத்தின் அந்த முனையிலும் ஒரு மூட்டு இருந்தது. அதைத் தாண்டி, பூவைப் பார்த்துவிட்டு, இதே வழியாகத்தான் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.